அடுத்த ஆண்டும் திடலுக்கு வருவது யார்?

ஜொகூரில், குளுவாங் மாவட்டத்தின் தென்பகுதியில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவே இரயில் பாதையை ஒட்டி இருக்கிறது லாயாங் லாயாங். பெயரைக் கேட்டதும் தென்சீனக் கடலில் முக்குளிக்கப் போகும் தீவை நினைப்பவர்கள் உண்டு. செம்பனை ஆராய்ச்சியாளர்களுக்கோ இந்த வட்டாரத்திலுள்ள ஒரு தோட்டத்தின் பெயர் மனப்பாடம்: உலு ரெமிஸ். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நட்ட நான்கே கன்றுகளின் வழிவந்தது ‘டெலி’ வகை. கத்ரி நிறுவனத்தார் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்த ‘உலு ரெமிஸ் டெலி டூரா’ தாய்மரங்களின் வாரிசுகள் இன்று பல நாடுகளில் காய்க்கின்றன. அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு.

செம்பனை நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்குக் கன்று கழிக்கும் முறை தெரியும். இலை விரியாதது, குட்டையாக நிற்பது, நெட்டையாகச் சோர்ந்தது எல்லாம் சில மாதங்களிலேயே குப்பைக்குப் போகும். இருபத்தைந்து ஆண்டு நிற்கப்போகும் மரத்துக்கு அந்தக் கண்டிப்பு சரிதான். நம் பள்ளித் திடல்களிலும் இதே முறைதான் நடக்கிறது என்பதுதான் என் கவலை. கழிக்கப்படுவது பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகள்.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் குறுக்கோட்டம், பிறகு இல்ல விளையாட்டுப் போட்டி. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கூடாரங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சாப்பாட்டுக் கடை, வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும் குளிர்ந்த மைலோ. நூறு மீட்டரில் முதலில் வந்தவர்கள் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். அவர்களுக்கு மாலையில் பயிற்சி, ஜெர்சி, பள்ளி வாசலில் படத்தோடு பதாகை. நான்காவதாக வந்தவனை அடுத்த ஆண்டுவரை யாரும் திடலுக்குக் கூப்பிடுவதில்லை. பெரும்பாலும் அவன் அடுத்த ஆண்டும் வருவதில்லை.

நான்காவதாக வந்தவன் பல நேரங்களில் நவம்பரில் பிறந்தவன். பள்ளிப் போட்டிகளில் வயதைப் பிறந்த ஆண்டைக்கொண்டு கணக்கிடுகிறார்கள். ஒரே பிரிவில் ஓடும் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் நடுவே ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி உண்டு. பதினோரு வயதில் ஓராண்டு என்பது சில அங்குல உயரம், சில கிலோ தசை. 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் கனடாவின் பனி ஹாக்கி வீரர்களுடைய பிறந்தநாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, உயர்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதையும் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மெலிந்துபோயிருப்பதையும் கண்டார்கள். பிறகு காற்பந்திலும் வேறு பல விளையாட்டுகளிலும் இது உறுதிப்பட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் அல்ல. வளர்ந்தவனைத் திறமைசாலி என்று ஆசிரியர் நம்புகிறார். நம்பியதால் அவனுக்கே பயிற்சி கொடுக்கிறார், பயிற்சி பெற்றதால் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிறான். பருவம் அடையும் வயது ஒவ்வொருவருக்கும் வேறு என்பதையும் சேர்த்துக்கொண்டால், தொடக்கப்பள்ளித் திடலில் நாம் பார்ப்பது யார் சீக்கிரம் வளர்ந்தார் என்பதைத்தான்.

சீக்கிரம் வளர்ந்தவனுக்கும் இது நல்லதாக முடிவதில்லை. பதினொன்றில் எல்லாரையும் முந்தியவன், பதினைந்தில் மற்றவர்கள் எட்டிப்பிடித்ததும் திகைக்கிறான். அதுவரை அவனுக்கு யாரும் நுட்பம் சொல்லித் தந்ததில்லை, தேவைப்படவும் இல்லை. ‘நல்லா ஓடிக்கிட்டு இருந்தான், என்னமோ விட்டுட்டான்’ என்று ஊரில் சொல்வார்கள். ‘என்னமோ’ என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு பயிற்சி முறையின் தோல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆக, பயிற்சியாளரை எதைக்கொண்டு அளப்பது? பதக்கத்தை எண்ணுவது எளிது. இதைவிடக் கடுமையான அளவுகோலை 1992இல் மூவர் வைத்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோனல்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970களிலிருந்தே சிறுவர் பேஸ்பால் திடல்களில் உட்கார்ந்து பயிற்சியாளர்களின் ஒவ்வொரு சொல்லையும் செயலையும் குறித்துக்கொண்டிருந்தவர்கள். நான்சி பார்னெட்டோடு சேர்ந்து அவர்கள் செய்த சோதனை எளிமையானது. ஒரு பகுதிப் பயிற்சியாளர்களுக்குச் சில மணி நேரப் பட்டறை நடத்தினார்கள். முயற்சியைக் கவனித்துப் பாராட்டுங்கள், பிழை செய்தால் முதலில் தேற்றிப் பிறகு திருத்துங்கள், தண்டனையை விடுங்கள் என்பதே அதன் சாரம். மற்றவர்கள் வழக்கம்போல் நடத்தினார்கள். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அடுத்த பருவத்தில் யார் திரும்பி வந்தார்கள் என்று பார்த்தபோது, வழக்கமான பயிற்சியாளர்களிடம் இருந்த சிறுவர்களில் நூற்றுக்கு 26 பேர் விலகியிருந்தார்கள். பட்டறைக்குப் போனவர்களிடம் இருந்தவர்களில் விலகியது 5 பேர். தன்மதிப்புக் குறைவாக இருந்த பிள்ளைகளே இதில் அதிகம் பயன் பெற்றார்கள்.

இந்த எண்களை லாயாங் லாயாங்கில் வைத்துப் பாருங்கள். பெருநகரத்தில் ஒருவன் விலகினால் அடுத்தவன் வருவான். சிறுநகரத் தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பே சிறியது. நான்கு பேர் கொண்ட அஞ்சல் ஓட்டக் குழுவில் ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டால் குழுவே இல்லை.

தேற்றுவது என்றால் கொஞ்சுவது என்று நம்மவர்கள் உடனே முகம் சுளிப்பார்கள். ‘ரோத்தான் (பிரம்பு) இல்லாமல் யார் ஓடினான்?’ என்று கேட்கும் மூத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஜான் வுடனைக் காட்டலாம். கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ கூடைப்பந்து அணியைப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தேசிய வாகையராக்கியவர் அவர். 1974-75 பருவத்தில் ரோனல்ட் காலிமோர், ரோலன்ட் தார்ப் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளைப் பார்த்து 2,326 செயல்களைப் பதிவு செய்தார்கள். முக்கால் பங்கு வெறும் தகவல்: எதை, எப்படி, எப்போது செய்வது. பாராட்டும் திட்டும் தனித்தனியே நூற்றுக்கு ஏழைக்கூட எட்டவில்லை. பிழை கண்டால் சரியான முறையைச் செய்து காட்டுவார், அவன் செய்த தவறைச் செய்து காட்டுவார், மறுபடியும் சரியானதைக் காட்டுவார். சில நொடிகளில் முடிந்துவிடும். பிரசங்கம் கிடையாது.

நம் திடலோரம் நின்று கேளுங்கள். ‘ஓடு! ஓடு! விடாதே!’ என்ற கூச்சலில் தகவல் எவ்வளவு? ஓடிக்கொண்டிருப்பவனுக்கு ஓட வேண்டும் என்பது தெரியும். ‘கையை இடுப்பு உயரத்தில் பின்னால் நீட்டு, திரும்பிப் பார்க்காதே, கோல் உள்ளங்கையில் பட்டதும் விரலை மூடு’ என்பதுதான் பயிற்சி. இப்படிப் பேச, பயிற்சியாளருக்கு அந்த விளையாட்டு தெரிந்திருக்க வேண்டும். பல பள்ளிகளில் திடலுக்குப் பொறுப்பான ஆசிரியருக்குப் புறப்பாட அட்டவணையில் பெயர் விழுந்ததே தகுதி. தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ்த் திட்டம் பல காலமாக நடக்கிறது. விளையாட்டு அறிவியலும் குறிப்பிட்ட விளையாட்டின் நுட்பமும் படிநிலைகளாக அதில் உண்டு. முதல் படியை முடித்த ஆசிரியர் பள்ளிக்கு ஒருவர் இருந்தாலே பேச்சு மாறும்.

தோல்விக்குப் பிறகு என்ன செய்வது என்பதில் நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தின் தொடக்க நாள் ஆட்டத்தில் இந்தோனேசியா மலேசியாவை 5-1 என்று நசுக்கியது. மலேசியாவின் பயிற்சியாளர் கே. ராஜகோபால். முந்தைய ஆண்டு வியந்தியானில் வியட்நாமை 1-0 என்று வென்று, 20 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு சீ விளையாட்டுக் காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்த இளைஞர்கள் பலர் அந்த அணியில் இருந்தார்கள். அந்தத் தங்கத்துக்கு முன்னும் குழுச் சுற்றில் அதே வியட்நாமிடம் 3-1 என்று தோற்றிருந்தார்கள். ஐந்து கோல் வாங்கிய அணியைக் கலைக்கச் சொல்ல ஆள் பஞ்சமா? ராஜகோபால் அந்த இளைஞர்களையே நம்பினார். தாய்லாந்தோடு கோலின்றிச் சமன், லாவோசை 5-1, அரையிறுதியில் வியட்நாமை 2-0. டிசம்பர் 26இல் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றார்கள். 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். 21 வயதுக் கோல்காவலர் கைருல் ஃபாமி அன்று ஒரு பெனால்டியைத் தடுத்தார்.

ராஜகோபாலின் பிந்தைய ஆண்டுகள் இவ்வளவு பிரகாசமாக இல்லை, 2013இல் அவருடைய காலம் முடிந்தது. ஆனாலும் இருபத்தைந்து நாள்களில் 5-1ஐ 3-0 ஆக்கியது உடல் தகுதியால் நடந்திருக்க வழியில்லை. அவ்வளவு குறுகிய காலத்தில் யாருக்கும் நுரையீரல் பெரிதாகாது. பிழைக்குப் பிறகும் தன் இடம் பறிபோகாது என்று தெரிந்த ஆட்டக்காரன் பந்தைக் கேட்டு வாங்குவான். தெரியாதவன் பந்து தன்னிடம் வராமல் இருக்க வேண்டிக்கொள்வான். என்னைக் கேட்டால் அந்த அணியின் இரகசியம் அவ்வளவுதான்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நலம் என்றதும் மனத்தை மட்டும் பேசுவது இப்போது பழக்கமாகிவிட்டது. ஜொகூரின் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தால் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளி முடிந்த கையோடு ஓட வைப்பது வசதி, ஆனால் ஆபத்து. ஐந்து மணிக்குத் தள்ளினால் இடிமழை வருகிறது. திறந்த திடலில் இடி கேட்டதும் பயிற்சியை நிறுத்துவதா என்று விவாதிக்கவே கூடாது. சாப்பாடும் அப்படித்தான். காலையில் வெறும் தேநீரோடு வந்த பிள்ளைக்கு மாலையில் நான்கு சுற்று ஓட்டம் கொடுப்பவர், அவள் சோர்வதைச் சோம்பல் என்று எழுதுவார். உண்ணும் சக்தி செலவழிக்கும் சக்திக்கு ஈடாகாவிட்டால் எலும்பு, மாதவிடாய், நோயெதிர்ப்பு, மனநிலை எல்லாமே பாதிக்கப்படும் என்று அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2014இல் தனிப் பெயரிட்டே எச்சரித்தது. பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழமும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் பயிற்சியாளரின் வேலை.

பயிற்சி நேரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நீரு ஜெயந்தி என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் இளம் விளையாட்டாளர்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு எவரும் நினைவில் வைக்கத்தக்கது: வாரத்தில் விளையாடும் மணி நேரம் வயதின் எண்ணைத் தாண்டினால் கடுமையான காயங்கள் கூடுகின்றன. பதினோரு வயதுப் பிள்ளைக்கு வாரம் பதினொரு மணி. மாவட்டப் போட்டி நெருங்கும் மாதத்தில் குறுக்கோட்டம், காற்பந்து, அஞ்சல் ஓட்டம் மூன்றுக்கும் ஒரே கெட்டிக்காரனை இழுக்கும் பள்ளிகள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததில்லை.

இனி, பேசக் கூச்சப்படும் விஷயம். 2021இல் சென்னையில் பெயர் பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர், தன்னிடம் பயின்ற பெண்களின் புகாரில், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்டத்தின் கீழ் கைதானார். சிறுமிகள் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்க முடியாமல் போனதற்குக் காரணம் புரியாதது அல்ல. திடலின் சாவி, அணியில் இடம், சான்றிதழ், வெளியூர்ப் பயணம் எல்லாம் ஒரே மனிதரின் கையில் இருந்தால் புகாரை யாரிடம் கொடுப்பது? மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், நம்பிக்கை உறவில் இருப்பவர் செய்யும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை விதிக்கிறது. பயிற்சியாளரும் அந்த வரிசையில் வருகிறார். 2023இல் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சு பாதுகாப்பான விளையாட்டுக்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது.

லாயாங் லாயாங் போன்ற ஊரில் இது சிக்கலாகிறது. மாவட்டப் போட்டிக்குக் குளுவாங் போகப் பேருந்து வசதி குறைவு. ஆசிரியர் தன் காரில், தன் பெட்ரோலில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். ஊரே அவரை வாழ்த்துகிறது, வாழ்த்தவும் வேண்டும். அதே நல்லவரைக் காப்பதற்குத்தான் விதி: ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாகப் பயணம் இல்லை, பெண்பிள்ளைகள் போனால் ஒரு பெண் ஆசிரியரோ ஒரு தாயோ உடன் வர வேண்டும், தனிப்பட்ட குறுஞ்செய்தி இல்லை, பெற்றோர் குழுவில் மட்டுமே செய்தி. தன்னைச் சந்தேகிப்பதாக எந்த மாஸ்டரும் வருந்த வேண்டியதில்லை. கடையில் கல்லாப்பெட்டிக்குப் பூட்டு இருப்பதால் கணக்குப்பிள்ளை வருந்துவதில்லையே.

பெரிய மேடைக்குப் போனபின் பிள்ளைகள் சந்திப்பது வேறு வகைக் காயம். 2021 அக்டோபரில் பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் பூப்பந்து வீராங்கனை எஸ். கிசோனா, ஜப்பானின் அகானே யாமகுச்சியிடம் தோற்றார். உலகின் முன்னணி ஆட்டக்காரரிடம் தோற்பதில் என்ன இருக்கிறது? இங்கே ஓர் அரசியல் கட்சிக்காரர் அவருடைய நிறத்தையும் இனத்தையும் இழிவுபடுத்திச் சமூக ஊடகத்தில் எழுதினார். நாடு கொதித்தது, அவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஆட்டம் முடிந்து கைப்பேசியைத் திறக்கும் அந்த நேரத்தில் விளையாட்டாளருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடியவர் பயிற்சியாளர் ஒருவரே.

சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரிக்கு 2022 ஜூனில் நடந்த கார் விபத்தில் கழுத்தெலும்பும் முகமும் முறிந்தன. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கைவிட்டுப் போனது. 2023இல் ஹங்சோவில் ஆசிய விளையாட்டுத் தனிநபர் தங்கம், 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டம். இதை மனவுறுதிக் கதையாகச் சொல்லி முடிப்பது நம் பத்திரிகைகளின் வழக்கம். மருத்துவர், இயன்முறை மருத்துவர், அவசரப்படுத்தாத பயிற்சியாளர்கள், சும்மா இருந்த மாதங்களிலும் கைவிடாத ஆதரவு ஆகியவை இல்லாமல் மனவுறுதி மட்டும் கழுத்தைச் சேர்க்காது. அப்படி எதுவும் இல்லாமல் போனவருக்கு எடுத்துக்காட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினப் பரிசோதனையின் பேரில் அதை இழந்தார். பிறகு ஊருக்குத் திரும்பிச் செங்கல் சூளையில் வேலை செய்தார். தமிழக அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் பணி அவருக்குக் கிடைக்கப் பத்தாண்டு ஆனது. மனநலத்தையும் உடல்நலத்தையும் பிரிக்க முடியாது என்று ஒலிம்பிக் மன்றம் 2019இல் எழுதிவைத்ததை, அவர் வாழ்ந்து தெரிந்துகொண்டார்.

தோட்டத்துப் பெற்றோரின் பயம் வேறு: படிப்பு கெட்டுப்போகும். அவர்களுக்குப் பதில், மலேசிய ஓட்டக்காரர் எம். ஜெகதீசன்: சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடிய தேசியச் சாதனை. அதை முறியடிக்க 2017வரை ஆளில்லை. எல்லாரும் ஜெகதீசன் ஆக முடியாது என்பது உண்மை. ஆனால் தேர்வு வாரத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொடுக்கும் மாஸ்டரிடம் பெற்றோர் பிள்ளையை நம்பி விடுவார்கள்.

அந்தப் பெற்றோரில் பலர் இன்று தோட்டத்தில் இல்லை. சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்காக விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். தோட்ட நிர்வாகம் பராமரித்த திடலும், தோட்டங்களுக்கு இடையே நடந்த காற்பந்தாட்டமும் தேய்ந்துவிட்டன. பிள்ளையின் மாலை நேரம் முழுவதும் பள்ளி ஆசிரியர் கையில் இருக்கிறது, அதுவும் ஆறாம் ஆண்டுவரைதான். படிவம் ஒன்றுக்கு அவர்கள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறுகிறார்கள். ஓரிருவருக்குப் பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைக்கலாம். மற்றவர்கள் புதுப் பள்ளியில் யாருக்கும் தெரியாத முகங்கள். பதின்மூன்று வயது, புது மொழிச்சூழல், புது ஆசிரியர், மாறிக்கொண்டிருக்கும் உடல். நாம் பிள்ளைகளை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தமிழ்ப்பள்ளி மாஸ்டருக்குத் தெரிந்தது எதுவும் இடைநிலைப்பள்ளி ஆசிரியருக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆகவே என் யோசனை ஒரு தாள் அளவு. ஆறாம் ஆண்டு முடிக்கும்போது, திடலுக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், மாவட்டத்துக்குப் போனவனுக்கு மட்டும் அல்லாமல், ஒரு குறிப்பு எழுத வேண்டும். பிறந்த மாதம், மூன்றாண்டு உயர வளர்ச்சி, எந்த விளையாட்டில் ஆசை, என்ன காயம் பட்டது, ஆஸ்துமா உண்டா, வீட்டில் மாலையில் யார் இருப்பார், எப்படிப் பேசினால் கேட்பான். பெற்றோர் ஒப்புதலோடு அதைப் புதுப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் நேரில் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்க வேண்டும்: அந்த நவம்பர்ப் பையன் வருகிறானா?

ஆசிரியர்கள் ஏற்கெனவே நிரப்பும் பாரங்கள் போதாதா என்பார்கள். நியாயமான கேள்வி. பதாகை அச்சடிக்கும் வேலையை ஓர் ஆண்டு நிறுத்திவைத்தால் நேரமும் காசும் கிடைக்கும். மாவட்டப் பள்ளிகள் விளையாட்டு மன்றம் பதக்கப் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் கேட்கலாம்: கடந்த ஆண்டு உங்கள் திடலுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் ஏதாவது ஒரு திடலில் இருக்கிறார்கள்? குளுவாங்கில் அந்தப் பட்டியலை முதலில் ஒட்டும்போது எந்தப் பள்ளி மேலே வரும் என்று பார்க்க எனக்கு ஆசை. பதக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பள்ளியாக அது இராது என்று நினைக்கிறேன்.